முதுகை அழுத்துவதற்கு முன்: உடற்கல்வி, யோகா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் விளையாட்டு வகுப்பு எடுக்கும் பி.இ.டி. ஆசிரியர்களுக்கும், யோகா சொல்லித்தருபவர்களுக்கும், மாலை நேரத்தில் கபடிக்கும் தடகளத்துக்கும் பயிற்சி கொடுப்பவர்களுக்கும்,



நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். உங்கள் வகுப்புகளில் குனிந்து, வளைந்து, ஓடியவர்களில் சிலரை வலி வந்த பிறகுதான் நான் பார்க்கிறேன். வலி வருவதற்கு முன்பே அவர்களைத் தினமும் பார்ப்பவர்கள் நீங்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு பழக்கத்தை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலைப் பிடிக்க முயன்று, பாதியில் நின்றுவிட்ட பிள்ளையின் முதுகில் கையை வைத்து அழுத்தும் பழக்கம். சில மைதானங்களில் கூடப் படிக்கும் பிள்ளையையே மேலே சாயச் சொல்வதும் உண்டு. கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை. தொடைத் தசை இறுகிக் கிடக்கிறது, கொஞ்சம் தள்ளினால் இளகிவிடும் என்ற நம்பிக்கைதான். சிலருக்கு அது உண்மையும்கூட. வேறு சிலருக்கோ அங்கே தடுத்து நிறுத்துவது தசையே இல்லை, நரம்பு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: முழங்கால் லேசாக மடங்கும், முதுகு கூனும், முகம் சுளிக்கும், கை கணுக்காலோடு நின்றுவிடும். அழுத்துகிற கைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கருவி வேண்டாம், ஒரு நிமிடம் போதும்.

முதலில் உடலமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஹாம்ஸ்ட்ரிங் என்று நாம் சொல்லும் தொடையின் பின்பக்கத் தசைகள் மூன்று. தரையில் உட்கார்ந்தால் புட்டத்துக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படுகிறதே, அந்த எலும்பிலிருந்து அவை கிளம்புகின்றன. ஒன்றின் சிறு கிளை மட்டும் தொடையெலும்பிலிருந்து வருகிறது. முழங்காலைத் தாண்டி, அதற்குச் சற்றுக் கீழே, கீழ்க்கால் எலும்புகளில் முடிந்துவிடுகின்றன. அவற்றின் எல்லை அவ்வளவுதான். கணுக்காலை அவை தொடுவதில்லை. கழுத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த இரண்டு வரிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அதே தொடையில், அந்தத் தசைகளுக்கு அடியில் ஓடுகிறது சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே தடிமனான நரம்பு இது. தொடங்கும் இடத்தில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கீழ்முதுகின் கடைசி இரண்டு நரம்பு வேர்களும் அவற்றுக்குக் கீழுள்ள மூன்று வேர்களும் சேர்ந்து உருவாகி, புட்டத் தசைகளுக்குள் புகுந்து, தொடையின் பின்னால் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே பொதுவாக இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முழங்கால் மடிப்பின் நடுவழியாகக் கெண்டைக்காலுக்குள் போய், உள்கணுக்காலின் பின்புறம் சுற்றி உள்ளங்காலை அடைகிறது. இன்னொன்று முழங்காலுக்கு வெளிப்புறம், கீழே இருக்கும் சிறு எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து பாதத்தின் மேற்புறத்துக்குப் போகிறது. மேலே பார்த்தால் இதே தொடர் தண்டுவடமாகி மூளைவரை நீள்கிறது. கால் விரலிலிருந்து தலைவரை ஒரே தொடர்ச்சி.

இந்த நரம்பு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. சைக்கிள் பிரேக் ஒயர் அதன் உறைக்குள் ஓடுவதுபோல், நாம் காலை நீட்டி மடக்கும்போதெல்லாம் சுற்றியிருக்கும் திசுக்களுக்கு நடுவே வழுக்கி நகர்கிறது. முதுகைக் கூனினால் முதுகெலும்புக்குள் இருக்கும் குழாயின் நீளம் பல சென்டிமீட்டர் கூடுகிறது. உள்ளே இருக்கும் தண்டுவடமும் அதன் உறையும் அதற்கு ஏற்ப இழுபடுகின்றன. தாடையை மார்போடு சேர்த்தால் மேலிருந்து இழுப்பு வரும். பாதத்தை நம் பக்கம் மடக்கினால் கீழிருந்து வரும்.

இப்போது பச்சிமோத்தானாசனத்தை எப்படிச் சொல்லித்தருகிறோம் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முழங்கால் மடங்கக் கூடாது. கால் கட்டை விரலைப் பிடித்து உன் பக்கம் இழு. குனி. நெற்றியை முழங்காலில் வை. இந்த நான்கில் ஒவ்வொன்றும் நரம்பை இழுக்கிறது. தசையை நீட்டுபவை முழங்காலை நீட்டுவதும் இடுப்பு மூட்டிலிருந்து குனிவதும் மட்டுமே. விரலை இழுப்பதும் தலையைக் கவிழ்ப்பதும் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு எதுவும் செய்வதில்லை.

1979-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பணியாற்றிய பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மைட்லண்ட் ஒரு பரிசோதனையை எழுதிவைத்தார். மேசை விளிம்பில் உட்கார வைத்து, முதுகைக் கூனச் சொல்லி, தாடையை மார்பில் சேர்த்து, ஒரு முழங்காலை நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்குவது. ஸ்லம்ப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். முதுகு வலியோடு வருபவரின் நரம்பு இழுப்பைத் தாங்குகிறதா என்று பார்க்க இன்றும் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். தரையில் காலை நீட்டி அதே பரிசோதனையைச் செய்தால், அதுவே நெற்றியை முழங்காலில் வைத்த பச்சிமோத்தானாசனம். நோய் இருக்கிறதா என்று நாங்கள் பயந்து பயந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகும் நிலைக்கு, உங்கள் வகுப்பில் முதுகில் எடையை வைத்துக் கொண்டுபோகிறார்கள். என் கவலையெல்லாம் இந்த இடத்தில்தான்.

பி.இ.டி. ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிட் அண்ட் ரீச் பெட்டி உங்கள் எல்லோருக்கும் பழக்கமானது. 1952-ல் வெல்ஸ், டில்லன் என்ற இருவர் வெளியிட்ட அந்தச் சோதனை இன்று கேலோ இந்தியாவின் பள்ளி உடற்தகுதிச் சோதனைவரை வந்திருக்கிறது. பெட்டி பாதத்தைச் செங்குத்தாக நிறுத்துகிறது, முழங்கால் நீண்டிருக்கிறது, கையை எட்ட வைக்கும் ஆசையில் பிள்ளை முதுகைக் கூனித் தலையையும் கவிழ்த்துவிடுகிறது. அப்படியானால் பெட்டியில் கிடைக்கும் எண், ஹாம்ஸ்ட்ரிங்கின் நீளத்தை மட்டும் காட்டுவதில்லை. கையின் நீளம், காலின் நீளம், முதுகின் வளைவு, நரம்பின் தாங்கும் தன்மை எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. எண் குறைவாக வந்த பிள்ளைக்கு "தசை ஸ்டிஃப்பாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுத் தினமும் குனியவைப்பது, நோயைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதாகும்.

நரம்பை இழுத்தால் என்ன ஆகும்? ஆரோக்கியமான நரம்புக்கு ஒன்றும் ஆகாது. தினமும் நாம் நடக்கையிலும் குனிகையிலும் அது நீண்டு சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. நரம்புக்கும் ரத்தம் வேண்டும். அதன் மேலும் உள்ளும் மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. 1973-ல் ஸ்வீடனின் லுண்ட்போர்க், ரைடெவிக் இருவரும் முயலின் கால் நரம்பை இழுத்துப் பார்த்தார்கள். இயல்பான நீளத்தைவிட 8 சதவீதம் நீண்டபோதே சிறு ரத்தக் குழாய்களில் ஓட்டம் தடைபடத் தொடங்கியது. 15 சதவீதத்தில் முழுவதும் நின்றுபோனது. முயலின் நரம்பைத் தனியே பிரித்து இழுத்த கணக்கை அப்படியே நம் பிள்ளைகளின் குனிதலுக்குப் பொருத்த முடியாது. ஆனால் நரம்பு எதை வெறுக்கிறது என்பது இதில் தெரிகிறது: நீண்ட நேரம் இழுத்துப் பிடித்துவைப்பதை. முதுகில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கி நரம்பு வேரை ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தால், அல்லது பழைய தசைக் கிழிசலின் தழும்பு அருகில் நரம்பு சரியாக நகராமல் இருந்தால், வரம்பு இன்னும் சீக்கிரம் வந்துவிடும். தசையைப் போல நினைத்து அதை முப்பது விநாடி, ஒரு நிமிடம் என்று பிடித்துவைத்தால் இளகாது, கோபித்துக்கொள்ளும். அடுத்த நாள் பிள்ளை இன்னும் விறைப்பாக வரும். நாம் இன்னும் பலமாக அழுத்துவோம்.

எப்படிப் பிரித்தறிவது? கேள்வியிலிருந்து தொடங்குங்கள். "எங்கே இழுக்கிறது? கையை வைத்துக் காட்டு." நம் ஊரில் சதை பிடித்தாலும், தசைநாண் இழுத்தாலும், காலில் ரத்தக் குழாய் புடைத்தாலும் எல்லாவற்றையும் நரம்பு என்றுதான் சொல்வோம்; ஆகவே வாயால் சொல்வதைவிட விரலால் காட்டுவதை நம்புங்கள்.

முழு உள்ளங்கையைத் தொடையின் நடுவில் அகலமாக வைத்துக் காட்டினால், பெரும்பாலும் தசை. ஒரு விரலால் கோடு கிழித்ததுபோல் மேலிருந்து கீழே காட்டினால், நரம்பை நினையுங்கள். முழங்கால் மடிப்பின் நடுவில் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். ஹாம்ஸ்ட்ரிங்கின் தசைநாண்கள் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு ஓரங்களிலும்தான் போகின்றன. உட்கார்ந்து காலை மடக்கி, விரலால் தடவினால் இரண்டு பக்கமும் கயிறுபோல் தட்டுப்படும். நடுவில் இருக்கும் பள்ளத்தில் ஓடுவது நரம்பும் ரத்தக் குழாய்களும். கெண்டைக்கால் தசையின் தலைகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பதால் அந்த இடத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது, ஆனால் அது ஹாம்ஸ்ட்ரிங் இல்லை என்று சந்தேகப்படலாம். கெண்டைக்காலின் வெளிப்புறம், பாதத்தின் மேற்புறம், உள்ளங்கால் என்று கீழே இறங்கிக் காட்டினால் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்து, அந்த உணர்வு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தசை இழுபடும்போது மந்தமாக, கனமாக இருக்கும், கொஞ்ச நேரம் பிடித்துவைத்தால் பழகிப்போகும், விட்டதும் போய்விடும். நரம்பு இழுபட்டால் சுரீர் என்று இருக்கும், எரியும், மின்சாரம் அடித்ததுபோல் இருக்கும், மதமதக்கும், குறுகுறுக்கும். பிடித்துவைக்க வைக்கக் கூடும். விட்ட பிறகும் சிலருக்கு மிச்சம் இருக்கும். பேருந்தில் நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது அதே இழுப்பு திரும்ப வரும். அப்படி வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் பிள்ளைகள் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

இனி உடலைக் கேட்போம். மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே பிடித்து, முழங்காலை நீட்டியபடியே ஒரு காலை மெதுவாகத் தூக்குங்கள். பாதத்தைப் பிடிக்க வேண்டாம். "இழுக்க ஆரம்பிக்கிறது" என்ற முதல் சொல்லிலேயே நின்றுவிடுங்கள். கடைசி எல்லைவரை கொண்டுபோனால் எல்லாமே இழுக்கும், எதையும் பிரிக்க முடியாது. இப்போது காலின் உயரத்தை மாற்றாமல் பாதத்தை மட்டும் அவர் முகத்தை நோக்கி மடக்குங்கள். தொடையில் இருந்த இழுப்பு கூடியதா? பாதத்தைத் தளர விடுங்கள். குறைந்ததா? ஹாம்ஸ்ட்ரிங் கணுக்காலைத் தொடவே இல்லை என்று மேலே சொன்னேன். பாதம் அசைந்ததற்குத் தொடையில் மாற்றம் வந்தால் அங்கே நரம்பு கலந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பாதத்தை மடக்கும்போது கெண்டைக்கால் தசை நீளும். கெண்டைக்காலில் மட்டும் இழுப்பு கூடி, தொடையில் எதுவும் மாறாவிட்டால் அதை நரம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது வழியை நான் அதிகம் நம்புகிறேன், காரணம் கழுத்து தொடையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். முதுகு நிமிர்ந்திருக்க, ஒரு முழங்காலை மெல்ல நீட்டட்டும். இழுப்பு தொடங்கும் இடத்தைக் காட்டட்டும். பிறகு காலைத் தாழ்த்தி, முதுகைக் கூனி, தாடையைத் தாழ்த்தி, மறுபடி அதே காலை நீட்டட்டும். கூனும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்கிறது. தசை கிளம்பும் எலும்பு முன்னால் வருகிறது. ஆக ஹாம்ஸ்ட்ரிங்குக்கு இளக்கம்தான் கிடைக்கிறது. தடை தசையால் வந்ததென்றால் கால் இப்போது அதிகமாக நீள வேண்டும். அப்படி இல்லாமல் முன்பைவிடக் குறைவாக நீண்டு, இழுப்பு தொடையிலிருந்து முழங்காலுக்குப் பின்னால் இறங்கிவிட்டால், அது நரம்பின் பேச்சு. அதே நிலையில், முதுகையும் காலையும் அசைக்காமல், தலையை மட்டும் நிமிர்த்தச் சொல்லுங்கள். பலருக்கு அந்த நொடியிலேயே இழுப்பு விட்டுப்போய் முழங்கால் இன்னும் நாலு விரல் நீளும். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகள் வியப்பார்கள். தலை அசைந்ததற்குக் கால் நீண்டதென்றால் எந்தத் தசையும் அதற்கு விளக்கம் ஆகாது.

இரண்டு காலிலும் செய்து ஒப்பிட வேண்டும். இதை மறக்காதீர்கள், ஏனென்றால் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் ஸ்லம்ப் நிலையில் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும், தலையை நிமிர்த்தினால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அது நோய் இல்லை; நரம்பு உயிரோடு இருக்கிறது என்பதன் அடையாளம். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் குறைவது, அவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த அதே வலி திரும்ப வருவது, கூச்சமோ மரத்துப்போவதோ சேர்ந்து வருவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

தசையா நரம்பா என்ற கேள்வி நம் காலத்தில் பிறந்தது இல்லை. 1881-ல் பாரிசில் ஃபோர்ஸ்ட் என்ற மாணவர், தன் ஆசிரியர் சார்ல் லசேக் காட்டித்தந்த பரிசோதனையைத் தன் ஆய்வேட்டில் விவரித்தார்: நீட்டிய காலைத் தூக்கினால் வலிக்கிறது, முழங்காலை மடக்கிவிட்டுத் தூக்கினால் வலிப்பதில்லை. தொடைத் தசைகள் இறுகி நரம்பை நசுக்குவதால் வலிக்கிறது என்று ஃபோர்ஸ்ட் விளக்கம் சொன்னார். அதற்கு முந்திய ஆண்டே பெல்கிரேடில் லாசா லாசரெவிச் என்ற மருத்துவர் இதே பரிசோதனையை எழுதி, நசுக்குவதால் அல்ல, நரம்பே இழுபடுவதால்தான் வலி என்று சொல்லியிருந்தார். அவர் செர்பிய மொழியின் முக்கியமான சிறுகதையாசிரியர்களில் ஒருவர். 1884-ல் தெ பியூர்மான் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு சடலத்தில் சயாட்டிக் நரம்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரப்பர்க் குழாயைப் பொருத்திக் காலைத் தூக்கினார். குழாய் நீண்டது. லாசரெவிச் சொன்னதே சரி என்று ஆயிற்று. மருத்துவ உலகம் அந்தப் பரிசோதனைக்கு லசேக்கின் பெயரையே வைத்துக்கொண்டது. ஆனால் விளக்கத்தில் வென்றவர் கதை எழுதிய மருத்துவர்தான்.

தசை, நரம்பு என்று இரண்டு பெட்டியாகப் பிரித்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நரம்பு இழுபட்டு உறுத்தும்போது அதைக் காக்கத் தசை தானாக இறுகிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் தசை கல்லாகத்தான் இருக்கும். நீங்கள் உணர்ந்த இறுக்கம் பொய்யில்லை. அது காவலுக்கு வந்த இறுக்கம். காவல்காரரைத் தள்ளிவிட்டால் என்ன பயன்? மறுபக்கம், தொடைத் தசை அடிக்கடி கிழியும் ஆட்டக்காரர்களிடம் நரம்பும் கோபமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். 1998-ல் டர்ல், ஜார்ஜ் என்ற இருவர் ஹாம்ஸ்ட்ரிங் காயம் திரும்பத் திரும்ப வந்த ரக்பி ஆட்டக்காரர்களைச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்லம்ப் பரிசோதனையில் வலி வந்தது. நம் கபடி ரைடர்களும் ஓட்டக்காரர்களும் வருடா வருடம் அதே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது இதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

சில வாரம் ஸ்ட்ரெச் செய்தபின் பிள்ளை இன்னும் கீழே எட்டினால் தசை நீண்டுவிட்டது என்று மகிழ்கிறோம். அந்தக் கால அளவில் நடப்பது பெரும்பாலும் வேறு: இழுப்பைத் தாங்கும் பொறுமை கூடுகிறது. வெப்லர், மாக்னுசன் இருவரும் 2010-ல் பல ஆய்வுகளைத் திரட்டி இதை எடுத்துச் சொன்னார்கள். பொறுமை கூடுகிறது என்றால் நரம்பு மண்டலம் அந்த நிலையை ஆபத்தில்லை என்று ஏற்றுக்கொள்கிறது. முதுகில் ஒருவர் எடையைப் போட்டு, பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கும்போது எந்த நரம்பு மண்டலம் ஆபத்தில்லை என்று நம்பும்?

தசைதான் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது எளிது. முதுகை நிமிர்த்தி, இடுப்பு மூட்டிலிருந்து சாய வேண்டும். பாதம் தளர்ந்திருக்கட்டும், பார்வை முன்னால் இருக்கட்டும். ஒரு முறைக்கு முப்பது விநாடி போதும். 1994-ல் பாண்டி, ஐரியன் செய்த ஆய்வில் அறுபது விநாடி பிடித்தவர்கள் முப்பது விநாடி பிடித்தவர்களைவிட அதிகப் பலன் பெறவில்லை. நீட்டுவதோடு நில்லாமல், நீளும்போதே தசைக்கு வேலை கொடுங்கள். மண்டியிட்டுக் கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெதுவாக முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி அதற்கு நல்லது. ஓட்டக்காரர்களின் தொடைக் காயங்களையும் குறைக்கும்.

நரம்பு என்று தெரிந்தால் பிடித்துவைப்பதை விட்டுவிடுங்கள். நகர்த்துங்கள். பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டும்போது தலை நிமிர்ந்து மேலே பார்க்கட்டும். முழங்காலை மடக்கும்போது தலை குனியட்டும். ஒரு முனை இழுக்கும்போது மறுமுனை விட்டுக்கொடுப்பதால் நரம்பு விறைக்காமல் முன்னும் பின்னும் வழுக்கும். மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை போதும். கூச்சம் வரும் எல்லைக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். முடித்தபின் கூச்சம் மிச்சமிருந்தால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். ஆசனம் செய்யும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்து, விரலைப் பிடிக்காமல், தலையைக் கவிழ்க்காமல் உட்காரலாம். துண்டைப் போட்டுக் காலை இழுப்பவர்களுக்கு ஒரு சிறு திருத்தம்: துண்டை முன்பாதத்தில் மாட்டாமல் கெண்டைக்காலுக்குக் கீழே மாட்டுங்கள். பாதம் விடுபட்டுவிடும், தசைக்குப் போக வேண்டிய நீட்சி தசைக்கே போகும்.

"சின்ன வயதில் அழுத்தி வளைத்தால்தான் வளையும்" என்று என்னிடம் சொன்ன ஆசிரியர்கள் உண்டு. மரபு என்றும் சொல்கிறார்கள். நம் சென்னையில் 1976-ல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கிய தேசிகாச்சார், ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்று, ஆசனத்துக்காக ஆளை வளைக்காதே என்பதையே ஆயுள் முழுக்கக் கற்பித்தார். முழங்காலை மடக்கிக் குனிய விடுவது நேற்று வந்த சலுகை இல்லை. இந்த ஊரின் யோகா மரபில் அதற்கு இடம் இருக்கிறது.

எந்தச் சோதனையும் செய்து பார்க்காமல் அனுப்பிவிட வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். சிறுநீர் போவதில் புதிதாகத் தடையோ கட்டுப்பாடு இழப்போ, இரண்டு தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவதோ, இரண்டு காலிலும் பலம் குறைவதோ இருந்தால் அன்றே, அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நடக்கும்போது முன்பாதம் தூக்க முடியாமல் தரையில் தட்டினாலும் காத்திருக்க வேண்டாம். வளரும் பிள்ளைக்கு, குறிப்பாக வேகப்பந்து வீசுபவருக்கோ ஜிம்னாஸ்டிக்ஸ் செய்பவருக்கோ முதுகு வலியோடு இரண்டு தொடையும் திடீரென்று விறைத்துப்போனால், முதுகெலும்பில் விரிசலோ எலும்பு முன்னால் நழுவுவதோ இருக்கலாம். ஸ்ட்ரெச்சை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். காலையில் யோகாவுக்கு வரும் பெரியவர்களில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று நீங்களே அறிவீர்கள். பாதம் மதமதக்கும் சர்க்கரை நோயாளியின் நரம்பு ஏற்கெனவே நலிந்தது. அதை நீண்ட நேரம் இழுத்து வைக்கக் கூடாது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்து, முழங்காலுக்கு வெளிப்புறம் நரம்பு தடித்துத் தட்டுப்பட்டால் தொழுநோய்க்கும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை, சீக்கிரம் கண்டால் முழுவதும் குணமாகும்.

இன்னொரு வகை இருக்கிறது, நரம்பும் இல்லை, தசையின் நடுப்பகுதியும் இல்லை. உட்காரும் எலும்பின் மேலேயே வலி. நீண்ட நேரம் உட்கார்ந்தால் கூடும். குனியக் குனிய மோசமாகும். பல வருடம் ஆழமாகக் குனிந்து பழகிய யோகா ஆசிரியர்களுக்கே இது வருகிறது. தசைநாண் எலும்பில் ஒட்டும் இடம் நைந்திருக்கும். அதற்கு மருந்து நீட்டுவது இல்லை, படிப்படியாக வலுவூட்டுவது. உங்களில் யாருக்காவது இருந்தால் முதலில் உங்கள் குனிதலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த முறை சிட் அண்ட் ரீச் எடுக்கும்போது, சென்டிமீட்டர் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில், எங்கே இழுத்தது என்று: தொடையா, முழங்காலுக்குப் பின்னாலா, கெண்டைக்காலா, பாதமா, வலது காலுக்கும் இடது காலுக்கும் தனித்தனியாக. இன்னொன்றில், தலையை நிமிர்த்தியபோது இழுப்பு குறைந்ததா என்று. ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது கூடுதல் வேலைதான், தெரியும். எல்லோருக்கும் எழுத முடியாவிட்டால் எண் குறைந்தவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். அந்தத் தாளோடு ஒரு பிள்ளை வந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஓர் இயன்முறை மருத்துவர்